விருந்தும் மருந்தும்



'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. மருந்து கொடுப்பவரே விருந்தாளியாக வந்தால் என் செய்வது? என்னிடம் வரலாறு பயின்று, பின்னர் மருத்துவரான மாணவி ஒருத்தி, அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றில் இரு திங்கள் பயிற்சி பெறச் செல்வதாகக் கூறி வாழ்த்துக் கேட்டபோது, இக்கேள்வியே என் உள்ளத்தில் எழுந்தது. அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா 1963-இல் விடுதலை பெற்றது. 1967-இல் நைரோபி நகரில் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அந்நாட்டின் இரண்டாவது மருத்துவக் கல்லூரியை அமைக்க முற்பட்டது, 1984-இல் நிறுவப்பெற்ற மோய்ப் பல்கலைக் கழகம். இடம், மேற்குப் பகுதியில் மேட்டுநிலத்தில் உள்ள எல்டோரெட் நகரம். அவ்வேளையில் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக் கழக மருத்துவப் பேராசிரியர் நால்வர், தம் மாணவரும் மேற்பயிற்சி மருத்துவரும் சென்று பயில ஏற்ற இடம் ஒன்றைத் தேடினர். 1989-இல் இரு பல்கலைக் கழகங்களும் கைகோத்தன.

கருவிகள் குறைந்த இடத்தில் கண்ணும் கையும் செவியுமே கருவிகளாகும். ஆகவே, வந்தவர்க்குப் பயன் உண்டு. வரவேற்றவர்க்கு என்ன பயன்? சுவாகிலி மொழியில் நலம் விசாரிக்கக் கற்றுக் கொள்வதற்குள் விருந்தாளி விடைபெற்று விடுவார். நோயாளியோ படுக்கையிலேயே கிடப்பார். இக்குறையை அவர்கள் உணர்ந்தனர். பயிற்சிக்கு வருவோர் மாறி மாறி வந்து போனாலும், இந்தியானா மருத்துவர் ஒருவரேனும் எல்டோரெட்டிலேயே குடியிருந்து பணியாற்றுவது என 1990 முதல் ஏற்பாடாயிற்று. கென்ய மாணவரும் இந்தியானாவுக்குச் சென்று பயின்றனர்.

இவ்வேற்பாட்டுக்கு 2000-ஆம் ஆண்டளவில் பெருஞ்சோதனை வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளால் மருத்துவமனைக் கூடங்கள் நிரம்பின. செல்வ நாடுகளில் கிடைத்த மருந்து அங்கே எட்டாக் கனி. அக்கல்லூரியின் மாணவர் ஒருவரே அந்நோயால் சாகும் தறுவாயில் கிடந்தார். நால்வருள் ஒருவரும், அப்பொழுது எல்டோரெட்டில் வாழ்ந்து வந்தவருமான ஜோ மாம்லின், அவருக்கு மருந்து கிடைக்கச் செய்தார். மாணவர் பிழைத்தெழுந்தார்.

ஒருவர் பிழைத்தார், அடுத்த படுக்கையில் கிடந்தவர்? இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க அவர்களால் இயலவில்லை. 2001-இல் இரு நாட்டவரும் இணைந்து எய்ட்ஸ் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினர். நாளடைவில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனால் சிகிச்சை பெற்றனர். இம்மருந்து மூன்று நாள் மருந்தன்று. வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியது. ஆதலின் அதைக் கொடுப்பவரும் மூன்று நாள் விருந்தாளியாக இருத்தல் ஆகாது. பத்தாண்டுக் காலம் வேரூன்றிய நட்பு இருந்தமையால்தான் அம்முயற்சி கைகூடியது.

என் மாணவியிடம் நான் கூறியது இதுவே: "சென்று வா, அம்மா. ஆனால், புறப்படுமுன் ஒன்று கேள். நீ திரும்பிய மறுநாள் அந்நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் யார்? அதற்கு விடை இருக்குமிடத்திற்கே செல்."