வில்மரின் எட்டுப் பெண்கள்

வங்கி ஊழியர்களின் பணி ஈடுபாடு பற்றி இன்று மேலாண்மைத் துறையில் ஏராளமாக எழுதப்படுகிறது. வில்லியம் கான் 1990இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்தே இந்தக் கருத்தாக்கத்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஒருவர் எந்தச் சூழலில் வேலையில் மனமொன்றி ஈடுபடுகிறார், எந்தச் சூழலில் தன்னை விலக்கிக்கொள்கிறார் என்று அவர் கேட்டார். இந்த வரலாற்றைப் பெண்களின் பக்கமிருந்து எழுதினால், நான் 1977ஆம் ஆண்டிலிருந்து, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள வில்மர் என்னும் சிறுநகரிலிருந்து தொடங்குவேன்.

அங்குள்ள சிட்டிசன்ஸ் நேஷனல் வங்கியில் காசாளர் வேலையையும் கணக்கு வேலையையும் பெண்கள் பார்த்தார்கள். நிர்வாகம் வெளியிலிருந்து ஓர் இளைஞரை மாதம் 700 டாலர் சம்பளத்தில் கொண்டுவந்தது. அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும்படி பெண்களிடம் சொன்னது. பெண்களின் தொடக்கச் சம்பளம் 400 டாலர். அவருக்கென ஒதுக்கிய பதவிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வேலை தெரிந்தவர்கள், அந்த வேலைக்கு மட்டும் எப்படித் தகுதியற்றவர்களானார்கள்? அவர்களின் அனுபவத்தை வங்கி நன்றாகவே அறிந்திருந்தது. அதற்கு விலை கொடுக்கத்தான் மறுத்தது.

பாலினப் பாகுபாடு பற்றி அரசு ஆணையத்திடம் புகார் செய்த பெண்கள், தங்களுக்கென்று ஒரு சங்கத்தையும் அமைத்தார்கள். பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1977 டிசம்பர் 16 அன்று, உறையவைக்கும் குளிரில், டோரிஸ் போஷார்ட், ஐரீன் வாலின், கிளெனிஸ் டெர் விஷா உள்ளிட்ட எட்டுப் பேர் பதாகைகளோடு வங்கி வாசலில் நின்றார்கள். போராட்டம் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீடித்தது. லீ கிராண்ட் இயக்கிய ஆவணப்படம் 1981இல் அவர்களை உலகறியச் செய்தது.

தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. வங்கி முறைகேடான தொழிலுறவு நடவடிக்கைகளில் ஈடுபட்டதை 1979இல் தேசியத் தொழிலுறவு வாரியம் ஏற்றது. ஆனால் வேலைநிறுத்தத்துக்குக் காரணம் பொருளாதாரக் கோரிக்கைகளே என்று சொல்லி, இழந்த சம்பளத்தைத் தர மறுத்தது. வேலைக்குத் திரும்பும் உரிமையும் உறுதியாகவில்லை. தலைமைக் கணக்கராக இருந்த டோரிஸ், காசாளராகத்தான் திரும்ப முடிந்தது.

ஈடுபாட்டை அளக்கும் கேள்வித்தாள்கள் ஊழியரின் மனதைத் துருவுகின்றன: நிறுவனத்தை நேசிக்கிறீர்களா, கூடுதலாக உழைப்பீர்களா? வில்மர் பெண்கள் இரண்டுக்கும் ஏற்கெனவே தங்கள் வேலையின் மூலம் பதில் சொல்லியிருந்தார்கள். வேலையில் ஈடுபாடில்லாதவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வாசலில் நிற்கத் தேவையில்லை. வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். எனவே, பெண் ஊழியர்களுக்கு ஈடுபாடு குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னால், அங்கே யாருக்கு யார் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள், பிறகு யார் மேலதிகாரி ஆகிறார்கள் என்பதை முதலில் கேட்போம். சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்குவோம்.