ஜீப்பின் முன்சீட்டு

2019 ஆகஸ்ட் முதல் வாரத்தில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோவுக்கு அதிகபட்சமாக ஏழாயிரம் ரூபாய் வரைக்கும் போனது. அதற்கு முந்தின வருசம் வெள்ளத்தில் செடி அழுகிப்போனது. இந்த வருசம் கோடையில் காய்ந்துபோனது. காய் இல்லை, அதனால் விலை. போடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனெல்லாம் ஏழாயிரம் ஏழாயிரம் என்று பேசிக்கொண்டிருந்தான். மலையில் காய் எடுக்கிற பொம்பளைகளின் கூலி அந்த வாரமும் அதே கூலிதான்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு புருசன் பொண்டாட்டிக்கு மட்டும் அந்த விலையில் பங்கு கிடைத்தது. என் அத்தையும் மாமாவும். இரண்டு வருசத்துக்கு முன்னால் மாமா மலைமேல் சரிவான இடத்தில் ஒண்ணரை ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். தண்ணி நிற்காத சரிவு என்பதால் அந்தச் செடி வெள்ளத்தில் தப்பித்துக்கொண்டது. ஐந்தாறு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். அந்த வருசம் அவர்கள் கையில் செலவு போக நாலு லட்சம் நின்றது. எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் கண்ணால் பார்க்காத பணம்.

அதில் பாதிக்கும் மேலே கொடுத்து மாமா ஒரு பழைய ஜீப் வாங்கினார்.

நான் போய்ச் சண்டை போட்டேன். இயக்கக் கூட்டங்களுக்குப் போய்வந்தவன், நாலு புத்தகம் படித்தவன் என்கிற திமிர் எனக்கு. 'அரைக் குழியானாலும் நிலம் வாங்குங்க மாமா, இது என்ன பகட்டு' என்றேன். மாமா ஒன்றும் பேசவில்லை. அத்தைதான் சொன்னாள்: "ஏப்பா, முப்பது வருசமா ஜீப்புல பின்னாடி ஒடுங்கி உக்காந்து போயிருக்கேன். முன்னாடி இருக்கவ கழுத்தத் தவிர வேற ஒண்ணும் பாத்ததில்ல. முன் சீட்ல உக்காந்து மலை எப்பிடி இருக்குன்னு பாக்கணும்."

அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இதை எழுதுவதே அந்தச் சிரிப்புக்காகத்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போடியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஜீப்புகளைத் தெரியும். பதினைந்து பேர், இருபது பேர். மடியில் தூக்குவாளி, தோளில் சாக்குக் கொங்காணி. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டு கங்காணிக்கு, அவர் இல்லாவிட்டால் டிரைவருக்கு வேண்டியவருக்கு. பின்னால் இருக்கிற பொம்பளை வாந்தி எடுத்தாலும் முன்னால் வரமுடியாது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் இப்படித்தான் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏறுகிறது.

எங்கள் ஆட்கள் எப்போதும் மலைக்குப் போனவர்கள் இல்லை. நாங்கள் சக்கிலியர். தாத்தா காலத்தில் கமலைக்குத் தோல்பறி தைத்தார்கள், செருப்புத் தைத்தார்கள். கிணற்றில் மோட்டார் வந்தது, பறிக்கு வேலை போனது. தாத்தா மலை ஏறினார். ஊரில் அத்தனை பேர் காலுக்கும் செருப்புத் தைத்தவர் ஊர்த்தெருவில் தன் செருப்பைக் கையில்தான் எடுத்துப்போனார். மலையில் மட்டும் அட்டைக்கடிக்குப் பயந்து காலில் போட்டுக்கொண்டார். மலையில் மனுசன், ஊரில் சக்கிலியன்.

நிலம் வாங்கு என்று நான் சொன்னேனே, அந்த நிலத்தின் கதையையும் சொல்லவேண்டும். ஏலமலைக் காடுகள் திருவிதாங்கூர் அரசின் கையில் இருந்தன. 1822இல் மன்னர் விளம்பரம் ஒன்றே ஏலமலைக்காக வந்தது. தமிழ் ஆட்கள் போய் வேலைசெய்த தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1இல் கேரளத்தோடு சேர்ந்தன. பிறகு கேரளம் நிலச்சீர்திருத்தச் சட்டம் போட்டது. நாடே பாராட்டிய சட்டம். அதில் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. தேயிலை, காப்பி, ரப்பர் வரிசையில் ஏலமும் ஒன்று. ஆக, குத்தகை விவசாயிக்கு நிலம் கிடைத்தது, தோட்டக்கூலிக்குத் தூக்குவாளிதான் மிச்சம். மாமா பேசாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம். விற்கிறவன் யார், வாங்கவிடுகிறவன் யார் என்பது எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

அதே திருவிதாங்கூரில், 1863இல் வெங்கானூரில் பிறந்தவர் அய்யன்காளி. புலையர். அங்கே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்ததே 1855இல்தான், அவர் பிறப்பதற்கு எட்டு வருசம் முன்னால். அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. சேரியில் அது பெரிய வசதி. 1888இல் செல்லம்மாளைக் கலியாணம் முடித்தார். 1893இல் ஒரு வில்வண்டி வாங்கி, இரண்டு மாடு பூட்டி, கழுத்துமணி கட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். புலையர் நடக்கவே கூடாத சாலை அது.

நான் இதை முன்பு படித்தபோது 'சாலையில் நடக்கும் உரிமைக்கான போராட்டம்' என்று நோட்டில் எழுதிவைத்தேன். சரிதான். ஆனால் நடக்கும் உரிமைக்கு நடந்தாலே போதுமே, எதற்கு வில்வண்டி? எதற்கு மணி? மூட்டை ஏற்றிப்போகிற கட்டைவண்டியை அவர் பண்ணையாருக்காக ஓட்டியிருந்தால் எவனும் மறித்திருக்க மாட்டான். வில்வண்டி சுமைக்கானது இல்லை, உட்கார்ந்து போவதற்கானது. உடம்பு நோகாமல் உட்கார்ந்துபோகிற சுகம் யாருக்கு உரியது என்பதுதான் அங்கே தகராறு. பகட்டு என்று நான் மாமாவைத் திட்டிய அதே காரியத்தை அய்யன்காளி செய்தபோது வரலாறு என்று படித்திருக்கிறேன்.

1915இல் கொல்லத்துப் பக்கம் பெரிநாட்டில் புலையப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகப் போட்டிருந்த கல்மாலையை அறுத்துப் போட்டார்கள். எதைப் போடக்கூடாது என்பது மட்டும் சாதி இல்லை, எதைப் போட்டே ஆகவேண்டும் என்பதும் சாதிதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இராமநாதபுரம் சீமைக் கதையைப் பதிவுசெய்திருக்கிறார். 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆம்பளை வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே துணி கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான். பொம்பளைகள் மேல்துணி, ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. கேட்காதவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. எழுதப் படிக்கக்கூடாது. சொந்த நிலத்தைக் குறைந்த விலைக்கு மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும். ஆம்பளைக்கு நாலணா, பொம்பளைக்கு ரெண்டணாக் கூலிக்கு காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை உழைக்கவேண்டும். கலியாணத்தில் குதிரை ஊர்வலம் கூடாது, பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் வாகனம் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பட்டியலை நாம் வழக்கமாகக் கொடுமையின் பட்டியலாகவே வாசிக்கிறோம். நான் இப்போது வேறுமாதிரி வாசிக்கிறேன். இல்லாத ஒன்றைத் தடுக்க எவனும் கூட்டம் போட மாட்டான். அப்படியென்றால் 1930இல் அந்தச் சேரிகளில் தங்கம் இருந்திருக்கிறது. பித்தளைக் குடம் இருந்திருக்கிறது. ரவிக்கையும் குடையும் குதிரை ஊர்வலமும் இருந்திருக்கின்றன. எந்த எழுத்திலும் இல்லாத நம் ஆட்களின் ஆசை, எதிரியின் தடைப்பட்டியலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிலத்தை விற்றுவிடு என்பதும் வாகனம் கூடாது என்பதும் ஒரே தாளில் இருப்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். நிலமா ஜீப்பா என்று பிரித்து நியாயம் பேசியது நான்தான். தடை போட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணு.

1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். யாத்திரை போய்வந்த ஒரு தீண்டத்தகாதவர் தன் ஆட்களுக்கு விருந்துவைத்தார். இலையில் நெய் ஊற்றினார். சாதி இந்துக்கள் தடியோடு வந்து சாப்பாட்டை நாசம்செய்து, சாப்பிட்டவர்களை அடித்து விரட்டினார்கள். அவர் காசு, அவர் நெய், அவர் ஆட்கள். திருடவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. வாங்க முடிந்தால் வாங்கிவிடுவதா என்பதுதான் கோபம்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். வெளிநாடு போய்ச் சம்பாதித்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் தலைநிமிர்ந்த ஊர். அறுநூறு போலீசார் உள்ளே போனார்கள். டிவியை உடைத்தார்கள், மின்விசிறியை வளைத்தார்கள், மோட்டார் சைக்கிளை நொறுக்கினார்கள், தையல் மிஷினையும் விடவில்லை. கிணற்றையும் கெடுத்தார்கள். பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டையும் கிழித்தார்கள். மண்டையை உடைப்பதைவிட டிவியை உடைப்பது அன்றைக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. 2012இல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பீரோவைத்தான் முதலில் தேடினார்கள். அங்கே எரிந்தது குடிசைகள் இல்லை, காரை வீடுகள்.

போடியிலும் 1989இல் கலவரம் நடந்தது. அந்தக் காலத்தை நேரில் கண்டவர் மாமா. அதனால்தானோ என்னவோ, ஜீப் வந்த நாளிலிருந்து ஊர்த்தெரு வழியாக ஓட்டாமல் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போனார். டீசல் செலவு கூட. அத்தைக்கு இது பொறுக்கவில்லை. "திருட்டு வண்டியா ஓட்டுற?" என்று ஒருநாள் ராத்திரி கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. மாமா பதிலுக்கு, "ஒனக்கு மலை பாக்கணும், எனக்கு வண்டி முழுசா வீடு வந்து சேரணும்" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பிடிவாதத்தில் தெரு வழியாகவே போனார்கள். நான் பின்னால் இருந்தேன். சாவடியில் உட்கார்ந்திருந்த, மாமாவைவிட முப்பது வயது சின்னவன் ஒருத்தன் கைகாட்டி நிறுத்தினான். அடிக்கவில்லை, வையவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான்: "யாரு வண்டிடா ஓட்டுற? எந்த மொதலாளிக்கு வேலை பாக்குற?"

மாமா ஒரு நொடி தயங்கி, "மேல ஒருத்தர் தோட்டத்து வண்டிங்க" என்றார்.

வண்டி தெருவைத் தாண்டியது. அத்தை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. போடிமெட்டு ஏறும்வரை ஒரு வார்த்தை இல்லை. பதினேழு வளைவும் முன் சீட்டில் உட்கார்ந்துதான் ஏறினாள். மலையைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் வரவில்லை. நிலம் வாங்கு என்று வாய் கிழியப் பேசியவன் பின்னால் இருந்துகொண்டு, 'எங்க வண்டிதான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1930இல் போட்ட தடை கிழிந்துபோன காகிதம் என்று கட்டுரை எழுதுகிறவன் நான்.

அடுத்த வருசம் மார்ச்சில் ஊரடங்கு. மாநில எல்லையை அடைத்தார்கள். மாதக்கணக்கில் எங்கள் ஆட்கள் மலை ஏறமுடியவில்லை. காய் செடியிலேயே வெடித்தது. பிறகு விலை இறங்கிக்கொண்டே வந்து 2022இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே போனது. உரக்கடை பாக்கி, குத்தகைப் பாக்கி. ஜீப்பை வாங்கியதில் பாதி விலைக்கு விற்றார்கள். வாங்கியவர் அதில் ஆள் ஏற்றுகிறார். கொஞ்ச நாள் அத்தை அதே வண்டியில், பின்னால் உட்கார்ந்து காய் எடுக்கப் போனாள். பிறகு வேறு தோட்டத்துக்கு மாறிக்கொண்டாள்.

விலை மறுபடி ஏற ஆரம்பித்ததும் நிலத்துக்காரர் குத்தகையை முடித்துக்கொண்டார். மாமா இப்போது வேறொரு சரிவைப் பார்த்து வைத்திருக்கிறார், அரை ஏக்கர்தான். முன்பணத்துக்கு என்னிடம் இருபதாயிரம் கேட்டார். கொடுத்தேன். காய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அத்தைதான் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள்: "இந்தவாட்டி ஆர்.சி. புக்கு எம்பேர்ல. கேக்குறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."