மர்ரே என்கிற மெக்ரெகர்

நுவரெலியாவில் கிரெகரி ஏரியைப் பார்க்காமல் திரும்பும் சுற்றுலாக்காரர்கள் குறைவு. அந்த மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்கு ஸ்காட்லாந்து ஊர்களின் பெயர்கள். அங்கே தேயிலைத் தொழிலை நிலைநிறுத்திய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து வந்தவர். எனவே ஏரிக்குப் பெயர் கொடுத்தவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், மெக்ரெகர் குலத்தின் ஏதோ ஒரு கிளை என்று முடிவுகட்டத் தோன்றும். அவரோ அயர்லாந்தின் கால்வே வட்டாரத்து நிலவுடைமைக் குடும்பத்தவர், 1872 முதல் 1877 வரை இலங்கை ஆளுநராக இருந்த வில்லியம் கிரெகரி. சொல்லின் வேர் ஒன்று, குடும்பம் வேறு. கடல் கடந்து போன ஸ்காட்லாந்து உறவினரைப் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. கிரிகோரியோஸ் என்றால் விழித்திருப்பவன். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சீடர்களை விழித்திருக்கச் சொல்லும் இடத்தில், நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வருவது இதே சொல்லின் வினைவடிவம். துறவிகளுக்கும் ஆயர்களுக்கும் பொருத்தமான பெயர் என்பதால் கிறித்தவம் போன இடமெல்லாம் இதுவும் போனது. இந்தப் பெயரில் 16 போப்பாண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் 13ஆம் கிரகோரி 1582இல் திருத்திய நாட்காட்டிதான் இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பேசப்பட்ட கேலிக் மொழியில் இது கிரிகர் ஆயிற்று. கிரிகரின் மகன் மாக் கிரிகர், அதாவது மெக்ரெகர். மகளானால் நிக் கிரிகர். ஆங்கிலத்தில் பதிவேடு எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் பெண்களையும் மாக் என்றே எழுதிவைத்தார்கள். அந்த மாக்கைச் சிலர் முழுதாக எழுதினார்கள், சிலர் மெக் என்று சுருக்கினார்கள். ஒன்று ஸ்காட்லாந்து வழக்கு, மற்றது அயர்லாந்து வழக்கு என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ஆதாரமில்லாத பேச்சு. ஒரே ஆளின் திருமணப் பதிவில் மெக் என்றும் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் மாக் என்றும் இருக்கும்.

மாக் என்றதும் நம்மவர்களுக்கு மகன் நினைவுக்கு வரும். இதை வைத்தே கேலிக்கையும் தமிழையும் உறவாக்கிவிடுகிறவர்களும் உண்டு. அயர்லாந்தின் பழைய ஓகம் கல்வெட்டுகளில் இந்தச் சொல்லின் வடிவம் மக்வி. அந்தக் 'க்வ' ஒலி கேலிக்கின் உறவுமொழியான வேல்ஸ் மொழியில் பகரமாகத் திரிந்து மாப் ஆகி, பிறகு ஆப் என்று தேய்ந்தது. ககரத்தை நம்பிக் கட்டிய உறவு பகரத்தில் இடிந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் அதே கிரெகர் கிரெக், கிரியர், கிரியர்சன் என்றெல்லாம் குறுகியது. இந்திய மொழிகளை அளவாய்வு செய்த ஜார்ஜ் கிரியர்சனின் பெயரில் இருப்பதும் இந்தக் கிரெகர்தான். அவரோ பிறந்தது டப்ளின் அருகே.

இதுவரை எந்தப் பெயருக்கும் நடக்கக்கூடியது. மெக்ரெகருக்கு நடந்தது வேறு. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கொல்கூன் குலத்தாரைத் தோற்கடித்துப் பலரைக் கொன்றார்கள். எலிசபெத் அரசி இறந்து, இங்கிலாந்தின் முடியையும் ஏற்க ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் லண்டனுக்குப் புறப்படும் நேரம். கிளம்புவதற்கு முன், ஏப்ரல் 3ஆம் தேதி, அரச ஆலோசனை மன்றம் மெக்ரெகர் என்ற பெயரையே தடைசெய்தது. அந்தப் பெயரை விடாதவனுக்கு மரண தண்டனை. குலத்தலைவர் அலஸ்டேர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் வந்த ஆணைகளின்படி அவர்கள் நான்கு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது; இறைச்சி அறுக்க முனை மழுங்கிய கத்தி ஒன்றைத் தவிர ஆயுதம் வைத்திருக்கக் கூடாது.

1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693இல் அது திரும்ப வந்தது. 1774இல்தான் ஒழிந்தது. நடுவில் சுமார் 30 ஆண்டு இடைவெளியைக் கழித்துவிட்டால், ஐந்தாறு தலைமுறைகள் மர்ரே, டிரம்மண்ட், கேம்பல், கிரஹாம், ஸ்டூவர்ட், கிராண்ட் என்று அடுத்தவர் பெயரில் வாழ்ந்தன. நம் பத்திரங்களில் 'கந்தசாமி என்கிற கந்தன்' என்று எழுதுவார்களே, அதுபோல அக்காலத்து ஆவணங்களில் 'டிரம்மண்ட் என்கிற மெக்ரெகர்' வருகிறது. கதைகளிலும் திரைப்படங்களிலும் புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகர், 1693க்குப் பிறகு தாயின் குடும்பப் பெயரான கேம்பலைப் போட்டுக்கொண்டவர்.

தடை நீங்கியதும் நடந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. குலத்துக்குத் தலைவர் வேண்டுமென்று 826 பேர் கையெழுத்திட்டு ஒருவரை ஏற்றார்கள். அவர் பெயர் ஜான் மர்ரே! கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். 1822இல்தான் அரச அனுமதியோடு அந்தக் குடும்பம் மெக்ரெகர் பெயரை மீட்டது. தலைவர் வீட்டுக்கே அந்த நிலை என்றால் சாதாரணக் குடியானவன் வீட்டில் எப்படி இருந்திருக்கும்? சிலர் 1774க்குப் பிறகு பழைய பெயருக்குத் திரும்பினார்கள். பலர் பழகிய பெயரோடே இருந்துவிட்டார்கள். அதே காலத்தில்தான் கப்பல்களும் கிளம்பின. 1773இல் லாக் புரூம் கரையிலிருந்து ஹெக்டர் என்ற கப்பல் மலைநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவுக்குப் போனது. பெயர் தடையில் இருந்த கடைசி ஆண்டுகளில் கடல் கடந்த ஒரு மெக்ரெகர் எந்தப் பெயரில் இறங்கியிருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

போன இடத்திலும் பெயர் சும்மா இருக்கவில்லை. அபர்டீன் வட்டாரத்திலிருந்து 1770ஐ ஒட்டி நார்வேயின் பெர்கனில் குடியேறிய அலெக்சாண்டர் கிரெக், அங்கே குடியுரிமை பெற்று, பெயருக்குள் இரண்டு எழுத்துகளை இடம்மாற்றி கிரீக் ஆனார். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் அவருடைய கொள்ளுப்பேரன். இன்வர்கீதிங்கில் பிறந்த சாமுவேல் கிரெக் ரஷ்யக் கடற்படையில் சேர்ந்து அட்மிரல் ஆகி, 1788இல் இறந்து, இன்றைய எஸ்டோனியத் தலைநகர் தாலினில் ஒரு தேவாலயத்துக்குள் அடங்கியிருக்கிறார். இவர்கள் புகழ்பெற்றவர்கள் என்பதால் கண்ணி அறுபடவில்லை. வேலையாளாகப் போனவனுக்கு அந்த வசதி இல்லை.

அவனை எங்கே தேடுவது? பலரும் புறப்பட்ட துறைமுகத்துக்குப் போகிறார்கள். பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் கப்பல் பட்டியல்கள் 1890 முதல்தான் முறையாகக் கிடைக்கின்றன. 1850களில் ஏறத்தாழ 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய மலைநாட்டுக் குடியேற்றச் சங்கத்தின் பட்டியல் போல ஒன்றிரண்டே விதிவிலக்கு. ஆகவே இறந்த ஊரிலிருந்து பின்னோக்கி வருவதே வழி. 1853இல் பதிவைத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், குடியேறி எத்தனை ஆண்டு என்பதற்கெல்லாம் கட்டங்கள் இருந்தன.

அந்தத் தாயின் பெயர்தான் திறவுகோல். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை; இறப்புப் பதிவிலும் கல்லறைக் கல்லிலும் அது நிற்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்று ஒரு வரிசையும் பெரும்பாலும் உண்டு. ஒன்டாரியோவிலோ மெல்பர்னிலோ பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வயது வாரியாக அடுக்கினால், ஊரில் விட்டுவந்த முதியவர்களின் பெயர்கள் தாமாக வெளிப்படும்.

இன்னொரு வழியும் உண்டு. போனவனை விட்டுவிட்டு, ஊரிலேயே தங்கியவர்களைப் பார்ப்பது. ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1ஆம் தேதி கட்டாயமானது. அந்த முதல் ஆண்டின் படிவம் அசாதாரணமானது. இறந்தவரின் பிறந்த ஊர், மனைவி அல்லது கணவர் பெயர், பிள்ளைகள் அத்தனை பேரின் பெயர், வயது எல்லாம் கேட்டார்கள். பதிவாளர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. அடுத்த ஆண்டே பல கேள்விகளை நீக்கிவிட்டார்கள். 1855இல் பெர்த்ஷயரில் ஒரு கிழவர் செத்திருந்தால், கனடாவுக்குப் போன அவர் மகனின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. இந்த வகையில் பத்து கப்பல் பட்டியல்களைவிட அந்த ஒரு பக்கம் மதிப்புள்ளது.

1855க்கு முன்னால் போனால் தேவாலயப் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553இல் எரல் என்ற ஊரில் தொடங்குகிறது. பல மலைநாட்டு ஊர்களிலோ 18ஆம் நூற்றாண்டு வரை எதுவுமில்லை. தடைக்காலத்து மெக்ரெகர்களுக்கு இந்த ஏடுகளும் பெரிதாக உதவாது. அங்கே கைகொடுப்பது தந்தைவழி ஆண்களிடம் ஏறத்தாழ மாறாமல் வரும் ஒய் குரோமோசோமின் சோதனைதான்.

இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேடுகிறவர்களுக்குச் சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனித் தொகுதியாக இருக்கின்றன. மெக்ரெகரைத் தேடி அதைத் திறப்பவர்கள் மர்ரே, டிரம்மண்ட் வரிகளையும் தாண்டிப் போகாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.