குழந்தையின் தலையும் படத்தின் சாட்சியும்

பேச்சு வராத குழந்தையின் தலையில் அடிபட்டால், அடி எவ்வாறு பட்டதென்று அதனிடம் கேட்டறிய இயலாது. "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது" என்று பெரியவர்கள் கூறுவதே வரலாறாகிவிடும். அவ்வரலாற்றை மருத்துவர்கள் ஐயுறத் தொடங்கிய கதை இது.

பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவர் தார்தியு, கொடுமைக்குள்ளான 32 குழந்தைகளைப் பற்றி 1860-இலேயே எழுதினார், கேட்பாரில்லை. 1946-இல் நியூயார்க்கில் ஜான் காஃபி என்பார், மூளையின் மேலுறைக்கடியில் இரத்தம் கட்டிய ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தார். அவர்களுடைய கை கால் எலும்புகளில் 23 முறிவுகள்! அவற்றுக்குக் காரணம் கூறுவாரில்லை. காயத்தால் நேர்ந்தவை என்று எழுதிய காஃபி, எவர் கையால் என்று எழுதவில்லை. அத்தயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். பெற்றோரே பிள்ளையை வதைப்பர் என்பதை உலகம் நம்ப மறுத்த காலம் அது. 1962-இல் டென்வர் நகரத்து ஹென்றி கெம்பியும் அவர் தோழர்களும்தான் அதை வெளிப்படையாகக் கூறினர்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. 1971-இல் இங்கிலாந்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஹல் நகரத்து அறுவை மருத்துவர் கத்கெல்ச், குழந்தையைப் பலமாகக் குலுக்கினாலே மூளைக்கும் உறைக்கும் இடையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுபடக்கூடும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில், பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, உயிருள்ள நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படமெடுத்தது.

தவறி விழுந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அடிபட்ட இடத்தில் மட்டுமே ஓட்டில் ஒரு கீறலும், அதனடியில் இரத்தக் கட்டும் காணப்படும். வதைக்கப்பட்ட குழந்தைக்கோ, மூளையின் இரு பாதிகள்மீதும் அவற்றின் இடைப்பிளவிலும் இரத்தம் மெல்லிய படலமாகப் பரவியிருப்பது மிகுதி, மூளையும் வீங்கியிருக்கலாம். ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. பிரசவத்தினாலேயே சிறிது இரத்தம் கசிவதுண்டு. இரத்தம் உறையாத நோய்களும் ஏமாற்றும். படத்தின் வெண்மை கருமையைக் கொண்டு காயத்தின் நாளைக் கணிப்பது, ஆண்டு பொறிக்காத கல்வெட்டை எழுத்தின் வடிவங்கொண்டு கணிப்பது போன்றது. காலம் தோராயமாகப் புலப்படும், நாள் புலப்படாது.

இங்கே பிழை இருபுறமும் கொடியது. உண்மையைக் காணத் தவறினால் குழந்தை மீண்டும் அதே கைகளுக்குத் திரும்பும். இல்லாததைக் கண்டால் குற்றமற்ற தாய் சிறை புகுவாள். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 'குலுக்கப்பட்ட குழந்தை' என்ற பெயரைத் தவிர்த்து, 'வன்கொடுமைத் தலைக்காயம்' என்னும் பொதுப்பெயரை வழங்குமாறு கூறியது. கத்கெல்ச்சோ, தொண்ணூறு வயதைக் கடந்தபின்னும் வழக்கு ஏடுகளை வருவித்துப் படித்தார். வேறு நோய்கள் உண்டா என்று ஆராயாமலே சிலரைத் தண்டித்துவிட்டனர் என்று கவலையுற்றார்.