இன்வெர்ட்டர் ஏன் இயங்க மறுக்கிறது? – ஒரு சிறு வரலாறு



இடியும் மழையும் வலுக்கும் மாலைகளில் மின்தடை ஏற்படுவது நமக்குப் புதிதன்று. அவ்வேளைகளில் பேட்டரியின் துணைகொண்டு விளக்கையும் விசிறியையும் இயக்கும் இன்வெர்ட்டர் சில இல்லங்களில் உண்டு. தேவையான நேரத்தில் அது இயங்காவிடில், 'பழுதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுகிறோம். அக்கருவி வளர்ந்த வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வளவு விரைவாக முடிவுக்கு வரமாட்டார்கள்.

1882-இல் எடிசன் நியூயார்க் நகரில் நேர்மின்னோட்டம் வழங்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மாறுதிசை மின்னோட்டம் அதற்குப் போட்டியாக எழுந்தது. இரண்டையும் இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. சார்லஸ் பிராட்லி 1888-இல் உருவாக்கிய சுழல் மாற்றி அப்பாலமாயிற்று. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய அவ்வியந்திரத்தைத் தலைகீழாகவும் இயக்க முடிந்தது. இந்தத் தலைகீழாக்கும் கருத்தே 'இன்வெர்ட்டர்' என்னும் பெயரில் நிலைத்துள்ளது. டேவிட் பிரின்ஸ் என்னும் பொறியாளர் 1925-இல் அப்பெயரையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். சுழல் மாற்றியின் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. கரித்துண்டுகள் தேயும், தீப்பொறி பறக்கும்.

1930-களில் மோட்டார் வண்டி வானொலிகளில் 'வைப்ரேட்டர்' என்ற சிறு கருவி இடம்பெற்றது. அதனுள் ஓர் உலோக நாக்கு விரைந்து அதிர்ந்து, பேட்டரியின் மின்னோட்டத்தை மாறிமாறித் திருப்பிவிடும். தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் அதன் ரீங்காரம் நின்றுவிடும். கோளாற்றைக் காதே கண்டுபிடித்த காலம் அது.

1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் பிறந்தது. அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. நேர்மின்னோட்டத்தில் அதைத் திறந்துவிடுவது எளிது, மூடுவது அரிது. மூடுவதற்கெனத் தனிச்சுற்று அமைக்க வேண்டியிருந்தது. அச்சுற்று ஒருமுறை தவறினாலும் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் எரிந்துவிடும்.

1970-களின் இறுதியில் பரவத் தொடங்கிய மாஸ்ஃபெட்டும், அடுத்து வந்த ஐஜிபிடியும் இக்குறையைத் தீர்த்தன. ஐஜிபிடியை உருவாக்கியவராகப் போற்றப்படும் ஜெயந்த் பாலிகா 1948-இல் சென்னையில் பிறந்தவர்; 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். இவ்வகைக் கருவிகள் கட்டளைக்கேற்ப நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடவல்லவை. எனவே, ஆபத்தை உணர்ந்தவுடன் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் இன்வெர்ட்டரை அமைப்பது எளிதாயிற்று.

வரலாற்றின் பயன் இங்குதான் தெரிகிறது. இன்றைய இன்வெர்ட்டர் இயங்காதபோது, பல வேளைகளில் அது பழுதடைந்திருப்பதில்லை. தன்னையும் பேட்டரியையும் காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, மின்சாரம் தொடங்கும் இடத்திலிருந்தே ஆராய வேண்டும். முழுமையாக மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பளு ஏறும்போது அது 10.5 வோல்ட் அளவுக்குச் சரிந்தால் பல இன்வெர்ட்டர்கள் நின்றுவிடும். பேட்டரி முனைகளில் படிந்த உப்பும் தளர்ந்த திருகும் இதே விளைவைத் தரும். 1000 வாட் பளுவுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறு தடையும் அங்குப் பெருந்தடையாகும். பின்னர், இணைத்த கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, சூடு தணிந்தபின் இயக்கிப் பார்க்கலாம். அடுத்தது ஃபியூஸ். அதே அளவுள்ள புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் இணைப்பு முனைகள் இடம் மாறியிருக்கலாம். அல்லது உள்ளே கோளாறு இருக்கிறது. பெரிய ஃபியூஸையோ கம்பியையோ செருகுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். பெட்டியைத் திறக்கவும் வேண்டா. பேட்டரியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். அப்பணியைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள் தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையத்தருகே தோன்றிய தடங்கலைத் தொடர்ந்து, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. அதன்பின் மின்சாரத்தைப் படிப்படியாகத்தான் மீட்க முடிந்தது. அளவு வேறு; நெறி ஒன்றே.

நம் மாணவர்கள் மின்சுற்றுப் பாடத்தில் விளக்கை எரியவைக்கக் கற்கிறார்கள். எரியாத விளக்கையும் ஒருநாள் அவர்கள் கையில் கொடுப்போம். காரணத்தை ஊகிக்க விடாமல், பேட்டரியிலிருந்து வரிசையாகத் தேடப் பழக்குவோம். பொருளைத் தூக்கியெறியும் அவசரமும் ஆபத்தான துணிவும் அப்பழக்கத்தால் குறையும்.

அறிவியலைத் தமிழால் வளர்ப்போம்.