ஓலோவும் அலாயாவும்

ஹவாய்த் தீவுகளில் அந்தக் காலத்தில் அலைப்பலகை வேண்டுமென்றால், கோடரிக்கு முன்னால் மீன் வேண்டும். மரத்தை முடிவு செய்ததும் குமு என்ற செந்நிற மீனை அதன் அடியில் வைப்பார்கள். வெட்டிச் சாய்த்த பிறகு வேர்ப்பக்கம் குழி தோண்டி, மீனை இட்டு, மரத்துக்கு விலையாகத் தெய்வத்திடம் ஒப்படைப்பார்கள். 1896இல் ஹொனலுலுவில் தாமஸ் த்ரம் வெளியிட்ட ஆண்டு மலரில் இது விவரமாக இருக்கிறது. மரவாடி நடத்திப் பிழைத்தவன் நான். மீனைத் தாண்டி, என்ன மரம் என்றுதான் தேடினேன்.

மூன்று மரங்கள். கோவா, நம் வேலமரத்துக்குச் சொந்தம். உலு, நம் சீமைப்பலா. மூன்றாவது விலிவிலி, அது கல்யாண முருங்கையின் இனம். கல்யாண முருங்கையை எங்கள் தொழிலில் மரக்கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். ஆணி நிற்காது, சீக்கிரம் உளுத்துப்போகும். ஆனால் தண்ணீருக்கு எடை குறைவுதானே முக்கியம்? அங்கே தலைவர்கள் ஏறிய ஓலோ பலகைக்கு விலிவிலியைத்தான் தேடினார்கள். நீண்டு தடித்த ஓலோ, உடையாத அலையிலேயே வேகம் பிடிக்கும். மெல்லிய, குட்டையான அலாயா, செங்குத்தாக எழும்பி உடையும் அலைக்கு. அதைக் கோவாவிலோ உலுவிலோ செய்தார்கள்.

பவளக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய பலகையை, ஏறி முடித்ததும் வெயிலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டில் தொங்கவிட்டார்கள். நம் மீனவரும் கரையேறியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைப்பார்கள். இலேசான மரம் எல்லாமே தண்ணீர் குடிக்கும். இரண்டு கடலிலும் ஒரே வைத்தியம்.

1855இல் இறந்த தலைவர் பாக்கியின் பலகைகள் ஹொனலுலு பிஷப் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு ஆள் தனியாகத் தூக்கச் சிரமப்படும் சரக்கு. 1920களில் அவற்றைப் பழுதுபார்த்த டாம் பிளேக், அதே அளவில் தானும் செய்ய முனைந்து, எடை குறைக்கக் கட்டையில் துளையிட்டார். அதிலிருந்து உள்ளே கூடான பலகை பிறந்தது. 1932இல் காப்புரிமையும் கிடைத்தது. மரத்தைச் செதுக்கிக் காற்றை விற்ற முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம்.

அலைப்பலகையில் நின்றபடி துடுப்புப் போடுவதைப் பழக்கமாக்கியவர்கள் வைக்கீக்கிக் கடற்கரைப் பயிற்சியாளர்கள். ஆ சோய் குடும்பத்தார் அவர்களில் பேர்பெற்றவர்கள். நின்றால் வரும் அலை தெரியும், கற்கும் பயணிகளும் கண்ணில் இருப்பார்கள், கழுத்தில் தொங்கும் கேமராவும் நனையாது. 1990களில் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் பெரிய பலகைகளில் இதையே செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இப்போது என் பேத்தி வாங்கப் பார்ப்பதும் அப்படி நின்று துடுப்புப் போடும் பலகைதான், காற்றடிக்கும் ரகம். 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். இரண்டு துணிகளை ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளுக்குள் இழுத்துக் கட்டியிருப்பதால், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்திலும் உப்பாமல் தட்டையாக நிற்கிறது. 1950களில் குட்இயர் காற்றடைத்த விமானம் செய்து பார்த்த வித்தை இது.

"முட்டுக்காட்டுக் கழியிலயா, கோவளத்து அலையிலயா?" என்று கேட்டேன். கழி என்றால் ஓலோ போல நீளமானது வேண்டும், அலைக்குக் குட்டை.

"ரெண்டுலயும் தாத்தா."

அப்படியானால் அதுவே சரி, அகலத்தை மட்டும் குறைக்காதே என்றேன். பலகையோடு வருவது கைப்பம்பாம். காற்றடிக்க என்னைக் கூப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொண்டேன்.