கண்டதும் படைத்ததும்

கொச்சி நகரின் பிராட்வே கடைத்தெருவில் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது நறுமணப் பொருள்களின் வாசனையேயாகும். அவற்றுள் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். அம்மஞ்சளே ஒருமுறை வழக்குப் பொருளாயிற்று. 1995-ஆம் ஆண்டில், மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு அமெரிக்க நாட்டு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நமது அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953-இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்றையும் உள்ளிட்ட 32 சான்றுகளைக் காட்டிற்று. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பெற்றது.

மஞ்சளுக்கு ஏடுகள் சான்று கூறின. எவ்வேட்டிலும் இல்லாது, நம் உடலினுள்ளேயே அமைந்துள்ள மரபணுவை முதலில் அறிந்த ஒருவர், அது தமக்கே உரியது எனக் கூறலாமா?

சட்ட நூல்களைத் தமிழாக்கும் நாம் இவ்விடத்தில் இடர்ப்படுவதுண்டு. கியூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டுபிடித்தார் என்கிறோம்; எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார் என்றும் கூறுகிறோம். ஆங்கிலத்தார் முன்னதை ‘டிஸ்கவரி’ என்றும், பின்னதை ‘இன்வென்ஷன்’ என்றும் வேறுபடுத்துவர். உள்ளதைக் காண்பது ஒன்று. இல்லாததைப் படைப்பது மற்றொன்று. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின் மீதே நின்றது.

1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியாவில் பிறந்த அறிஞர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெயைச் சிதைக்குமாறு மாற்றியமைத்த நுண்ணுயிர், மனிதரின் ஆக்கமாதலால் காப்புரிமைக்கு உரியது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் உயிரியல் துறையில் உரிமை கோருவோர் பெருகினர்.

பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் உள்ளதென 1990-இல் மேரி-கிளேர் கிங் அம்மையார் காட்டினார். 1994-இல் மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் அதனைப் பிரித்தறிந்து, பின்னர்க் காப்புரிமையும் பெற்றனர். பெரும்பொருள் செலவிட்டோருக்குப் பயன் இல்லையெனில் ஆராய்ச்சி நலியும் என்பது அவர்கள் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அந்நாட்டில் அச்சோதனையை விற்கும் உரிமை அவர்களிடமே தங்கிற்று. கட்டணம் 3,000 டாலரைக் கடந்தது. முடிவில் ஐயங்கொண்ட பெண்ணொருத்தி, மறு சோதனைக்கு வேறோர் ஆய்வுக்கூடத்தை நாட வழியில்லாதிருந்தாள்.

2009-இல் மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்குத் தொடுத்தனர். 2013 ஜூன் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்புரைத்தனர்: இயற்கையில் உள்ள மரபணுவை உடலினின்று பிரித்தெடுத்தல் மட்டும் படைப்பாகாது, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கப்பெறும் டி.என்.ஏ. வடிவத்திற்குக் காப்புரிமை கோரலாம். 2015-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் கோரிக்கையை மறுத்தது.

2002-இல் திருத்தப்பெற்ற நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும், இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிதல் மட்டும் உரிமைக்குரியதாகாது என்றே கூறுகிறது. ஆகவே, முன்னதைக் ‘கண்டறிதல்’ என்றும் பின்னதைப் ‘புதுப்புனைவு’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று. பிராட்வே வணிகர் தம் மஞ்சளை விற்கலாம். அது புண்ணாற்றும் என்னும் அறிவுக்கு விலை கூற அவருக்கு உரிமையில்லை. நம் உடலில் பிறவியிலேயே அமைந்தவற்றிற்கும் அந்நியாயமே பொருந்தும்.